மேகங்களை ஆராய விரும்பும் மாணவருக்கு

மேகத்தில் மிதக்கும் ஒரு நீர்த்துளியின் ஆரம் ஏறத்தாழ 10 மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மழைத்துளி உருவாக அத்தகைய துளிகள் சுமார் பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். அதே மேகங்கள் எந்நேரமும் புவிப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூடியிருக்கின்றன. காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளோ உலகைப் பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொள்வதால், துளி அளவில் நடப்பவற்றைத் தோராயச் சூத்திரங்களால் ஈடுகட்டுகின்றன. கரியமில வாயு இரட்டிப்பானால் புவி எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு, ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் 2.5 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை என்று ஒரு வீச்சாகவே விடை தந்ததற்கு மேகங்களே பெருங்காரணம். துளியின் இயற்பியலையும் உலகின் வெப்பக் கணக்கையும் ஒருசேரப் படிக்கத் துணிந்தவருக்கே இத்துறை ஏற்றது.

இளநிலையில் இயற்பியல், கணிதம் அல்லது இயந்திரவியல், வேதிப் பொறியியல் போன்ற ஒரு பொறியியல் பிரிவைப் படிப்பது போதுமானது. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல் ஆகிய நான்கையும் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வானிலை மீதுள்ள ஆர்வம் நல்ல தொடக்கம்தான் என்றாலும், புயலின் பாதையை அலைபேசியில் பின்தொடர்வது இந்தப் படிப்புக்கு ஈடாகாது.

கல்லூரி நாட்களிலேயே செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. பனிப்புள்ளி என்பது, காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. தரையிலுள்ள வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடையிலான வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், திரள் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். வெப்பநிலை 32 டிகிரி, பனிப்புள்ளி 24 டிகிரி என்றால் விடை 1000 மீட்டர். அடுத்து, சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பறக்கவிடப்படும் வானிலை பலூன் காலை 5.30 மணிக்குரிய அளவீடாகத் தந்த தரவை இணையத்தில் எடுத்து, காற்று எந்த உயரத்தில் ஈரமாக இருந்தது என்று வரைந்து பார்க்கலாம். பிற்பகலில் வானத்தையும் இன்சாட் செயற்கைக்கோள் படத்தையும் அதனுடன் ஒப்பிட வேண்டும். கடற்காற்று நுழைந்த பிறகு தரையில் எடுத்த அளவு மேலே உள்ள காற்றுக்குப் பொருந்தாமல் போவதையும், உயரத்துக் கீற்று மேகங்களுக்கு இந்தச் சூத்திரம் எந்த வகையிலும் உதவாததையும் சில வாரங்களிலேயே உணரலாம். ஒரு சூத்திரம் எங்கே செல்லாது என்று கண்டறிவதுதான் பிற்காலத்தில் ஆய்வுக் கட்டுரையாக வளர்கிறது.

இவற்றைக் கையால் செய்து சலித்தவுடன் பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். 1940 முதல் மணிக்கொரு முறை என்று உலக வளிமண்டலத்தை மீட்டுருவாக்கிய ஐரோப்பியத் தரவுத்தொகுப்பான ஈஆர்ஏ-5 இலவசமாகவே கிடைப்பதால், தரவு இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. மாதிரிகளின் உள்ளே கைவைக்க நினைப்பவர் பழைய மொழியான ஃபோர்ட்ரானையும் படிக்க நேரிடும்; அதைத் தவிர்க்க முயல்வது வீண்.

முதுநிலைக்குக் கொச்சிப் பல்கலைக்கழகமும் ஆந்திரப் பல்கலைக்கழகமும் வளிமண்டல அறிவியலுக்கு நெடுங்காலமாக அறியப்பட்டவை. இயற்பியலில் முதுநிலை முடித்தவரும் நேரடியாக முனைவர் ஆய்வுக்கு வரலாம்; அதற்குக் கேட் தேர்வோ, புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் பாடத்தில் நெட் தேர்வோ உதவும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், திருப்பதியருகே கடங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம், திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்.

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் வேலைமுறை முக்கியம் என்பது என் கருத்து. அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கருவியுடன் வேலையா கணினியுடன் வேலையா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துவிட வேண்டும். புனே நிறுவனத்தின் மகாபலேஷ்வர் ஆய்வகம் பருவமழைக் காலத்தில் மேகத்துக்குள்ளேயே நின்றுவிடுவதால், அங்கே துளிகளைத் தரையிலிருந்தே அளக்க முடிகிறது. 2009-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் மேகக் களஆய்வில் விமானங்கள் மேகங்களினூடே பறந்து துளிகளையும் தூசிகளையும் எண்ணின. கேட்பதற்குச் சாகசமாகத் தோன்றினாலும், கருவியைச் சரிபார்த்து அளவுதிருத்தம் செய்வதிலேயே களப்பணியின் பெரும்பகுதி கழியும்.

அந்தச் சலிப்பூட்டும் பணியையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அன்னா மாணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். முதுநிலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனாலும் இங்கிலாந்தில் வானிலைக் கருவியியல் கற்று, 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, இறக்குமதியை நம்பியிருந்த கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தார்.

முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகளும், பின்முனைவர் ஆய்வுக்கு, பெரும்பாலும் வெளிநாட்டில், மேலும் சில ஆண்டுகளும் ஆகும். வானிலைத் துறை, இஸ்ரோ, நொய்டாவின் நடுத்தரக் கால முன்கணிப்பு மையம் ஆகியவற்றில் நிலையான பணியிடங்கள் குறைவு. அறிவிப்பு எப்போது வரும் என்றும் சொல்வதற்கில்லை. ஆகவே சூரிய மின் நிலையங்களுக்கான முன்கணிப்பு வேலையையும் கவனத்தில் வைத்திருப்பது நல்லது. அடுத்த ஒரு மணி நேரத்தில் எந்த மேகம் எப்போது வெயிலை மறைக்கும் என்பது மின்தொகுப்பை இயக்குபவருக்குப் பணம் சார்ந்த கேள்வியாகிவிட்டதால், அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரைத் தனியார் நிறுவனங்களும் தேடுகின்றன.