அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள்: பட அஞ்சலட்டை சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

என் மேசை மேல் இரண்டு பட அட்டைகள் கிடக்கின்றன. இரண்டிலும் அதே கடல், அதே விவேகானந்தர் பாறை, பாறைக்குப் பின்னால் அதே சிவப்பு உருண்டை. மேகம் கிழிந்திருக்கும் விதம்கூட ஒன்றுதான். ஒன்றின் அடியில் 'கன்னியாகுமரி: சூரிய உதயம்' என்று அச்சடித்திருக்கிறது. மற்றதில் 'சூரிய அஸ்தமனம்'. ஒரே நெகட்டிவ், இரண்டு வியாபாரம்.

கோயில் பக்கத்துக் கரையில் நின்றால் பாறை கிழக்கே கிடக்கும். அதன் பின்னால் சூரியன் ஏறுமே தவிர இறங்காது. எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரிந்த சங்கதி இது. இருந்தும், போலந்துக்காரர் ஒருவருக்கு அந்த அஸ்தமன அட்டையை அனுப்பியபோது 'எங்கள் கடலில் சூரியன் மறைவதைப் பாருங்கள்' என்று நானே எழுதினேன். அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்க வேண்டும். 'நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்?' என்று பதில் வந்தது. நான் எங்கும் நின்று பார்க்கவில்லை. அடியில் இருந்த வரியைப் படித்தேன், அவ்வளவுதான்.

அட்டை சேர்க்கிறவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. படம் அழகாக இருக்கிறது, அடியில் ஒரு வரி இருக்கிறது, போதும் என்று ஆல்பத்தில் சொருகிவிடுகிறோம்.

அடியில் உள்ள வரி

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரையுள்ள எங்கள் பகுதி அட்டைகளில் இது இரட்டைத் தொல்லை. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் மாட்டிய பலகைதான் மாறிக்கொண்டே வந்தது. 1949 ஜூலை வரை திருவிதாங்கூர். பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. ஆக, அட்டையில் மாநிலத்தின் பெயர் இருந்தால் பாதி ஜாதகம் கையில் கிடைத்த மாதிரி.

பாதிதான். ஆங்கிலத்தில் மாநிலப் பெயராகத் 'தமிழ்நாடு' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 1969-க்கு முந்தியதாக இருக்காது என்று சொல்லலாம். ஆனால் 'திருவிதாங்கூர்' என்று போட்டிருப்பதால் 1949-க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. செய்து வைத்த அச்சு பிளாக்கை வீணாக்க எந்த அச்சகத்துக்கு மனசு வரும்? பழைய வரியோடேயே இன்னும் சில வருடம் ஓட்டியிருக்கலாம். புதுப் பெயர் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். பழைய பெயரிடம் இன்னொரு சாட்சி கேட்க வேண்டும்.

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில்; அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 'கேரளம்' என்று அச்சடித்த பத்மநாபபுரம் அட்டை ஒன்றை, மாநிலத்தையே மாற்றிப் போட்ட அபூர்வ அச்சுப்பிழை என்று நம்பி என் நண்பர் இரண்டு மடங்கு விலை கொடுத்தார். விற்றவர், "பழசாக்கும் சாரே, இனிக் கிடைக்காது" என்றாராம். எல்லையோரத்து ஊர்களின் கதை தெரியாவிட்டால் இப்படித்தான் காசு போகும்.

வரியை நம்பாதே என்றால் எதை நம்புவது? படத்துக்குள் இருப்பதை. கன்னியாகுமரி அட்டைகளுக்கு இது சுலபம். அந்தக் கரையே ஒரு கடிகாரம். காந்தி மண்டபம் எழும்பியது 1956-இல். விவேகானந்தர் மண்டபத்தைத் திறந்தது 1970 செப்டம்பரில். 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று வந்தது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில். பாறை மொட்டையாக இருந்தால் ஒரு காலம். மண்டபம் இருந்து வள்ளுவர் இல்லாவிட்டால் இடையில் ஒரு முப்பது வருடம். தென்காசிப் பக்கத்து அட்டைகளில் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் பிளந்தபடி நின்றால், அது 1990-இல் புதுக்கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடப்பதற்கு முன் எடுத்த படம்.

பின்பக்கத் தபால் முத்திரையில் உள்ள தேதியைப் படத்தின் தேதி என்று எழுதி வைப்பவர்களும் உண்டு. முத்திரை சொல்வது அட்டை பெட்டியில் விழுந்த நாளை. கடை ரேக்கில் பத்து வருடம் தூசி குடித்துவிட்டுப் புறப்பட்ட அட்டைகள் நிறைய. விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், எழுதியது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. அது எழுதியவரின் காலம். எடுத்தவரின் காலம் அல்ல.

வண்ணமும் வேஷமும்

முதல் உலகப்போருக்கு முந்தைய வண்ண அட்டைகளைப் பார்த்து 'அந்தக் காலத்தில் இப்படி உடுத்தார்கள்' என்று எழுதுவது இன்னொரு வழுக்கல். அப்போதைய இந்தியப் பட அட்டைகளில் நிறைய ஜெர்மனியில் அச்சானவை. இங்கிருந்து கறுப்பு வெள்ளைப் படம் கப்பல் ஏறும். அங்கே ஒருவர் வண்ணம் ஏற்றுவார். அவர் இந்த ஊரையும் பார்த்ததில்லை, இந்தத் துணியையும் பார்த்ததில்லை. என்னிடம் உள்ள ஒன்றில் முண்டும் நேரியதும், அதாவது இடுப்பில் ஒரு வேட்டியும் மேலே ஒரு துணியும், உடுத்த இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்திக்கு ரோஸ், இன்னொருத்திக்குக் கிளிப்பச்சை. எங்கள் ஆச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். வெள்ளைதான் உடுப்பு, வேறு நிறம் அவள் தலைமுறையில் அலமாரியிலேயே கிடையாது.

ஆட்களைப் பிடித்து நிறுத்தி எடுத்த அட்டைகளில் இன்னும் கவனம் வேண்டும். சாதிப் பெயரையோ தொழிலையோ மட்டும் அடியில் போட்டு விற்ற காலம் அது. நிற்பவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற நினைப்பே கிடையாது. பனையேறி என்று போட்ட அட்டையில் தரையைப் பாருங்கள். கம்பளம் விரித்திருக்கும். பின்னால் தொங்குவது தீட்டிய திரை. காலில் மாட்டி ஏறும் தளையும் பதநீர்க் குடுவையும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரச் சொன்னவை. இந்த அட்டையை மாற்றிக்கொள்ளும்போது, அடியில் இருந்த வார்த்தையை அப்படியே உங்கள் குறிப்பில் ஏற்றாதீர்கள். 'ஸ்டூடியோவில் பனையேறும் கருவிகளோடு நிற்கும் ஆள்' என்று எழுதினால் பொய்யில்லை.

ஒரு சங்கு முத்திரையைத் தண்ணீரில் போட்ட கதை

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு கடிதம் இருந்தது. அதில் படமே இல்லாத ஒரு கார்டு. திருவனந்தபுரத்திலிருந்து தக்கலைக்கு வந்தது. மூலையில் சங்கு போட்ட சின்னத் தபால்தலை. அப்போது பள்ளியில் எல்லோரும் தபால்தலை சேர்த்தோம். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தேன், கார்டைப் போட்டேன், அரைமணி நேரத்தில் தலை மிதந்து வந்தது. கூடவே மசி கரைந்து எழுத்தெல்லாம் நீலத் தண்ணீராகப் போயிற்று. பாதி முத்திரை தலையில், பாதி கார்டில். ஈரக் கார்டைச் சுருட்டி எறிந்தேன்.

என்ன எறிந்தேன் என்று இருபது வருடம் கழித்துத்தான் புரிந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் உண்டு. அதன் பெயரே அஞ்சல். மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சல்காரர்கள், சங்கு முத்திரை பதித்த பெட்டிகள், 1888 முதல் சொந்தத் தலைகள். சமஸ்தானத்துக்குள் போவது அஞ்சலில். வெளியே போக வேண்டுமென்றால் இந்திய அரசின் தபால்தலை. 1951-இல்தான் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இன்று தமிழில் தபாலுக்கு நாம் எழுதும் அஞ்சல் என்ற சொல், எங்கள் தாத்தாக்களுக்கு வாசலில் வந்து நின்ற ஓர் ஆள். உரித்த சங்குத் தலை கொஞ்சம் காசுக்கே கிடைக்கும். எந்த ஊரில் விழுந்தது, எந்த ஊருக்குப் போனது, என்ன சேதி சொன்னது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் கார்டுதான் அரிது.

ஆகவே, தலையை உரிக்காதீர்கள். ஓரத்தை நறுக்கிச் சமமாக்காதீர்கள். படம் இல்லை என்று சாதாரணக் கார்டைக் குப்பையில் போடாதீர்கள். இந்தியாவில் 1879-இல் கால் அணாவுக்கு வந்த முதல் கார்டிலும் படம் கிடையாது. படத்துக்கு மேலேயே கிறுக்கியிருக்கிறது என்று பழைய பட அட்டைகளை ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது கிறுக்கல் அல்ல. பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும் என்று விதி இருந்த காலத்து அட்டை அது. சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுதியாக வேண்டும். பின்பக்கத்தில் நடுக்கோடு போட்டு இடப்புறம் எழுத இடம்விட்டது இங்கிலாந்தில் 1902-இல், அமெரிக்காவில் 1907-இல். கோடில்லாத பின்பக்கம் வயதைச் சொல்லும் நரைமுடி மாதிரி.

புதிதாக அச்சடித்துப் பழசு என்று விற்பதைக் கண்டுபிடிக்க இரண்டு சாமான் போதும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அச்சு அட்டை பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிஜமான போட்டோ அட்டையில் புள்ளி இருக்காது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட்டை இருட்டில் அடியுங்கள். காகிதம் பளீரென்று நீலமாக மின்னினால், அதில் வெளுப்பு மருந்து சேர்ந்திருக்கிறது. அந்த மருந்து காகிதத்துக்கு வந்தது 1950-ஐ ஒட்டி. 1910 என்று எழுதிய அட்டை மின்னினால், வணக்கம் சொல்லி வந்துவிடலாம்.

மழை, பூச்சி, செல்லோடேப்

எங்களுக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கும். அட்டையைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு ஈரக் காகிதம் விருந்து. செல்லோடேப், ரப்பர் பேண்டு, குண்டூசி எதுவும் வேண்டாம். லாமினேஷன் செய்தால் அதோடு முடிந்தது. மறுபடி பிரிக்க முடியாது. வெயில் உறைக்கும் நாளில் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் அல்ல.

அனுப்பும்போது

முன்பின் தெரியாதவர்கள் உலகமெங்கும் அட்டை மாற்றிக்கொள்ள 2005-இல் போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராசிங் என்ற இணையதளம் வழியாகத்தான் இப்போது பலர் அட்டை மாற்றுகிறார்கள். அங்கே ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். அதை எழுத மறந்தால், போய்ச் சேர்ந்த அட்டை யாருடையது என்று வாங்கியவர் மண்டையை உடைத்துக்கொள்வார். இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்றை மழை அழித்தாலும் மற்றது பிழைக்கும். 60 நாள் ஆனதும் 'காலாவதி' என்று காட்டும்போது தபால்காரரைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருடம் வரை வந்து சேர்ந்ததாகப் பதிய வழியிருக்கிறது. என் அட்டைகள் சில நான்கு மாதம் ஊர் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

பளபளப்பான அட்டையில் ஜெல் பேனாவால் எழுதாதீர்கள். கை பட்டாலே இழுக்கும். அடியில் ஒன்றரை செ.மீ. காலியாக விடுங்கள், வெளிநாட்டு இயந்திரங்கள் அங்கே கோடு கோடாக அச்சடித்து உங்கள் எழுத்தை மறைத்துவிடும். நாட்டின் பெயர் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கடைசி வரியில். தபால்தலையை நாக்கால் நனைத்து ஒட்டினால் பாதி வழியில் உதிரும். கொஞ்சம் கோந்து தடவுங்கள். சொந்தமாக அச்சடித்தால் 9 × 14 செ.மீ.க்குக் குறையாமல், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் போர்டில். பின்பக்கத்துக்குப் பளபளப்பு வேண்டாமென்று பிரிண்ட் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் கேட்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட, 'ஹலோ, நலமா, மகிழ்ச்சி' என்று எழுதி அனுப்பாதீர்கள். குமரிப் பாறையும் அஸ்தமனமும் உலகமெங்கும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நான் மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சொந்தமாகப் படம் எடுத்து அச்சடித்தேன். பரளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் நடந்து போகிறது, கீழே நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் என்று நாலு வரி எழுதினேன். வந்த பதில்களில் பாதி, தங்கள் ஊர்ப் பாலத்தின் அட்டைகள்.

பழைய அட்டைகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டும்போது விலாசத்தையும் பெயரையும் மறையுங்கள். நான் ஒருமுறை மறைக்கவில்லை. பத்மநாபபுரம் தெப்பக்குளம் அட்டை, பின்னால் ஒரு பெண் தன் அண்ணனிடம் கைமாற்றாக முப்பது ரூபாய் கேட்டு எழுதியிருந்தார். மூன்றாம் நாள் ஒருவர் தொடர்புகொண்டார். அது அவருடைய அம்மாவின் கையெழுத்து. "அந்த ரூபா கிடைச்சுதான்னு எங்களுக்கும் தெரியாது, நீங்க அத எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டேன். அட்டையையும் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். தெப்பக்குளத்தை அந்தக் கோணத்தில் எடுத்த இன்னொரு அட்டை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.