மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஜப்பான்: ஆய்வுத் திட்டம் முதல் குப்பைப் பை வரை

ஜப்பானில் முதுநிலையோ முனைவர் பட்டமோ பயில விரும்புவோருக்கு, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 1954 முதல் வழங்கிவரும் உதவித்தொகையைப் போல முழுமையானது வேறொன்றைச் சொல்வது கடினம். அந்த அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு மாணவர்கள் இதை ‘மெக்ஸ்ட்’ என்றே அழைக்கிறார்கள். கல்விக் கட்டணம் கிடையாது. போகவர விமானச் செலவை அரசே ஏற்கிறது. முதுநிலை மாணவருக்கு மாதம் 1,44,000 யென் அளவில் கைக்கு வருகிறது. வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், டோக்கியோவில் சற்று இறுக்கிப் பிடித்தும் சிறிய நகரங்களில் தாராளமாகவும் வாழலாம்.

தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை என இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஜப்பானியப் பேராசிரியர் எவரையும் முன்பே அறியாதவர்களுக்குத் தூதரக வழியே பொருத்தமானது. தமிழ்நாட்டு மாணவர்கள் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் அறிவிப்புகளையும், இலங்கை மாணவர்கள் கொழும்பிலுள்ள தூதரகத்தின் அறிவிப்புகளையும் ஏப்ரல் தொடங்கியே கவனித்துவர வேண்டும். இன்று விண்ணப்பித்தால் பயணம் அடுத்த ஆண்டில்தான் என்பதையும், முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கான ‘ஆய்வு மாணவர்’ பிரிவுக்கு 35 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

மதிப்பெண் நன்றாக இருந்தும் பலர் தேறாமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும், அவர்களுடைய ஆய்வுத் திட்டம் எவருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருப்பதுதான் என்பது என் கணிப்பு. ‘நீர் மாசுபாட்டைப் பற்றி ஆராய விரும்புகிறேன்’ என்று எழுதினால் அதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. அதையே, ‘பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரில் கலந்துள்ள குரோமியத்தைக் குறைந்த செலவில் பிரித்தெடுக்க, வேளாண் கழிவிலிருந்து தயாரிக்கும் கரியைப் பயன்படுத்த முடியுமா’ என்று கேட்டால், படிப்பவருக்குச் சிக்கலும் இடமும் பொருளும் ஒருசேரப் புலப்படுகின்றன. அடுத்து, எந்த மாதிரிகளை எடுப்பீர்கள், எந்தக் கருவியால் அளப்பீர்கள், முதல் ஆண்டில் எதை முடிப்பீர்கள் என்று எழுதுங்கள். இந்த வேலையை ஏன் ஜப்பானில் செய்ய வேண்டும் என்ற கேள்வி நேர்காணலில் வந்தே தீரும் எனக் கொண்டு, குறிப்பிட்ட ஓர் ஆய்வகத்தின் பெயரையும் அதன் அண்மைக் கட்டுரைகளையும் சுட்டி விடை சொல்லத் தயாராக இருங்கள். அந்நாட்டின் ஒழுக்கத்தையும் தொழில்நுட்பத்தையும் புகழ்ந்துரைப்பது விடையாகாது.

விண்ணப்பத் தேர்வைத் தொடர்ந்து ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுத்துத் தேர்வும், பின்னர் நேர்காணலும் நடைபெறும். முதற்கட்டத்தில் தேறியவர்கள், தங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரின் பல்கலைக்கழகத்திடமிருந்து தற்காலிகச் சேர்க்கைக் கடிதத்தைத் தாங்களே பெற வேண்டும். இதற்கு ஆகஸ்ட் இறுதிவரைதான் அவகாசம் இருக்கும். கோடை விடுமுறையும் அதே மாதத்தில் குறுக்கிடுவதால், பேராசிரியர்களுக்கு முதல் மின்னஞ்சலை விண்ணப்பிப்பதற்கு முன்பே அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். அஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்பவை போதும். ஒரே அஞ்சலை நாற்பது பேருக்கு அனுப்பினால் அது தெரிந்துவிடும்.

மொழியைப் பொறுத்தவரை தமிழர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையும், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் ஜப்பானியத்திலும் அப்படியே இருப்பதால், ஆங்கிலத்தின் துணையின்றித் தமிழிலேயே நினைத்துச் சொல்லைச் சொல்லாக மாற்றிக்கொண்டு போனால் வாக்கியம் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். சீனத்திலிருந்து வந்த ‘கான்ஜி’ எழுத்துகளுக்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. புறப்படுமுன் ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளையும் தடையின்றிப் படிக்கப் பழகிவிடுங்கள்.

முதல் உதவித்தொகை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், ஏறக்குறைய 2,000 டாலர் கையிருப்புடன் வருமாறு அமைச்சகமே அறிவுறுத்துகிறது. பெரிய விமான நிலையங்களில் வசிப்பிட அட்டையை அங்கேயே தந்துவிடுவார்கள். வீடோ விடுதியோ அமைந்த 14 நாட்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்றே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டால், மருத்துவச் செலவில் 30 விழுக்காடு மட்டுமே உங்களுடையது. மாதந்தோறும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நேரில் சென்று கையொப்பமிடத் தவறினால் அம்மாதப் பணம் வராது.

ஜப்பானியப் பண்பாடு என்றதும் தேநீர்ச் சடங்கும் கிமோனோவும் நினைவுக்கு வரும். அவை பிறகு வரட்டும். அக்கம்பக்கத்தார் உங்களை முதலில் எடைபோடுவது குப்பையை வைத்துத்தான். எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், புட்டிகளுக்கும் தகர டப்பாக்களுக்கும் வேறொரு நாள் என ஊருக்கு ஊர் அட்டவணை மாறும். தண்ணீர்ப் புட்டியின் மூடியைக் கழற்றி, மேலுறையைக் கிழித்து, உள்ளே அலசிய பிறகே வெளியில் வைக்க வேண்டும். கியோட்டோவில் வீட்டுக் குப்பைக்கு மாநகராட்சியின் மஞ்சள் பையைக் கடையில் வாங்கியாக வேண்டும். வேறு பையில் வைத்தால் எடுத்துச் செல்லாமல் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

ஆய்வகத்தில் உங்களுக்கு உண்மையில் வழிகாட்டுபவர் பேராசிரியர் என்பதைவிட, உங்களுக்கு ஓராண்டு மூத்த மாணவரே. சோதனை தவறிப்போனால், சரிசெய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திராமல் உடனே அவரிடம் சொல்வது அங்கே எதிர்பார்க்கப்படும் நடைமுறை. ஆய்வகத்தார் மாலையில் கூடிக் குடிக்கும் விருந்துக்கு அழைத்தால் தவிர்க்காதீர்கள். ஊலாங் தேநீர்க் கோப்பையோடு அமர்ந்திருப்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

சைவ உணவுக்காரர்களுக்குத்தான் சோதனை அதிகம். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் துருவலின் சாறு இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மீன் அதில் அடங்காது என்பதால், மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். சோற்றில் உண்ணும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் இறுதிச்சடங்கை நினைவூட்டுவதால் இரண்டையும் அறவே தவிருங்கள்.

முகவரி பதியச் செல்லும்போதே, அவ்வூரின் பன்னாட்டுப் பரிமாற்றச் சங்கம் நடத்தும் மொழி வகுப்பைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் இதைத் தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறார்கள். பணி ஓய்வுபெற்ற பெரியவர்களையும் இவர்களிடையே காணலாம். கோடைத் திருவிழாவில் சாமிப் பல்லக்குக்குத் தோள் கொடுக்க ஆள் தேடும்போது உங்களையும் கூப்பிடக்கூடியவர்கள் இவர்கள்தான்.