எலெக்ட்ரிக் கிட்டார்: முதல் பவர் கார்டு சுத்தமாக ஒலிக்க

எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் டிஸ்டார்ஷன் (கரகரப்பான ஒலி) போட்டு வாசிக்கத்தான் ஆசை. போட்டுப் பார்த்தால் மீட்டாத கம்பிகளும் சேர்ந்து இரையும். அக்கூஸ்டிக்கில் காதில் விழாத உரசல்கூட ஆம்பில் (ஒலிபெருக்கி) பெரிதாகக் கேட்கும். அதனால் வேண்டாத கம்பிகளை அடக்குவதையும் முதல் நாளிலிருந்தே பழகுங்கள். அதற்கு, இரண்டே சுரங்களைச் சேர்த்து மீட்டும் பவர் கார்டுதான் சரியான பாடம்.

1. ஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, கேபிளை இரு பக்கமும் செருகிய பிறகு ஆன் செய்யுங்கள். இப்போதைக்கு டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் சானல் போதும்.

2. தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று டியூன் செய்யுங்கள். மொபைல் டியூனர் ஆப் போதும். சுருதி ஏறிவிட்டால், நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் நிலைத்து நிற்கும்.

3. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். தடித்த கம்பிதான் ஆறாவது கம்பி. அதில் 5ஆம் ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரல், ஐந்தாவது கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். உலோகக் கோட்டின் மேல் அழுத்தாமல், கிட்டாரின் தலைப்பக்கமாக அதை ஒட்டி அழுத்துங்கள். இதுதான் ஏ5 என்ற பவர் கார்டு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொன்னால், இது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் இல்லாததால் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷன் ஏற்றினாலும் குழம்பாது.

4. இங்கேதான் பொறுமை வேண்டும். ஆட்காட்டி விரல் நுனியால் அழுத்தியபடியே, விரலின் மீதிப் பகுதியை மெல்லிய நான்கு கம்பிகள் மேலும் லேசாகச் சாய்த்து வையுங்கள். இப்போது ஆறு கம்பிகளையும் மீட்டிப் பாருங்கள். இரண்டு மட்டும் பாட வேண்டும், மற்றவை 'டக் டக்' என்று செத்து ஒலிக்க வேண்டும். சில சமயம் மணி அடித்தது போல மெல்லிய நாதம் ஒன்று எழும். 5ஆம் ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டால் ஹார்மோனிக் பிறக்கும், அதுதான் காரணம். நடுவிரலையும் பக்கத்தில் லேசாகப் படுக்க வைத்தால் அடங்கிவிடும்.

5. பிக் பிடித்த கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பை, கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகள் மேல் வைத்து மீட்டுங்கள். 'ஜுக் ஜுக்' என்று வந்தால், கையால் அடக்கி மீட்டும் பாம் மியூட் அமைந்துவிட்டது. கை கழுத்துப் பக்கம் நகர்ந்தால் சுருதியே கேட்காது, பிரிட்ஜுக்குப் பின்னால் போனால் அடங்காது. ஒவ்வொரு கிட்டாரிலும் அந்த இடம் கொஞ்சம் மாறும், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

6. அதே பிடியை ஆட்காட்டி விரல் 3ஆம் ஃப்ரெட்டுக்கு வரும்படி நகர்த்தினால் ஜி5, 8ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் சி5. நகரும்போது அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். விரல் கம்பியை விட்டு எழக்கூடாது. எழுந்தால் வெறும் கம்பி ஒலித்துவிடும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு.

கிளீனில் இது சத்தமில்லாமல் நகர ஆரம்பித்ததும் டிஸ்டார்ஷனுக்குப் போகலாம். கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) பாதி வரை போதும். மாறும் இடங்களில் மட்டும் இரைச்சல் வந்தால் இடது கையைக் கவனியுங்கள். விடாமல் இரைந்தால் வலது கையைக் கவனியுங்கள்.