கம்பஸில ஒண்டாப் படிச்சு இப்ப இல்லாமப் போனவையின்ர வாழ்க்கைய எழுதி வைக்கிறது எப்பிடி

மரண அறிவித்தலில "பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்" எண்டு ஒரு வரி வரும், அதோட முடிஞ்சுது. அந்த மனுசன் மழை நாளில அக்பர் பாலத்தில நிண்டு கீழ ஓடுற மகாவலியப் பாத்து "இந்தத் தண்ணி எங்கட கொட்டியாரக் குடாவுக்குத்தானடா போகுது, நான்தான் லீவு வருமட்டும் இங்க கிடக்கோணும்" எண்டு சொன்னது அந்த வரியில வராது. அதைக் கேட்ட ஆக்கள் இன்னும் ரெண்டு மூண்டு பேர்தான் இருக்கினம். அவையும் போனா அந்தக் கதையும் போயிடும்.

நாங்கள் கொஞ்சப் பேர் சேந்து, திருகோணமலையில இருந்து கம்பஸுக்குப் போய்ப் படிச்சு இப்ப உயிரோட இல்லாதவையின்ர குறிப்புகளச் சேத்துக்கொண்டு வாறம். மற்ற ஊர் ஆக்களும் செய்யலாம், காசு பெரிசா வேணாம், பொறுமைதான் வேணும். செய்யேக்க பட்டுத் தெரிஞ்சத எழுதுறன்.

முதல் பட்டியல். இதுதான் கன பேர் பிழை விடுற இடம், பட்டமளிப்பு விழாப் புத்தகத்த எடுத்து வச்சுக்கொண்டு தொடங்கிறது. அதில பட்டம் எடுத்தவை மட்டும்தான் இருப்பினம். எங்கட பக்கத்தில கம்பஸுக்கு எடுபட்டுப் போய், 83 கலவரத்தோட பெட்டியத் தூக்கிக்கொண்டு வந்து திரும்பிப் போகாமலே விட்டவை எத்தின பேர். 90ல மட்டக்களப்பில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர வந்தாறுமூலை வளாகமே அகதிமுகாமா இருந்தது, அந்த நேரம் அங்க படிச்சவையில எல்லாரும் படிச்சு முடிச்சவையோ? முடிக்கேல்ல எண்டதுக்காக அவை எங்கட பட்ச் இல்லையெண்டு ஆகாது. ஒரு நாள் லெக்சருக்கு வந்து இருந்தாலும் பேர் வரோணும், இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன். பேர் சேக்கிறதுக்கு நல்ல வழி பட்ச் ஆக்கள் அஞ்சாறு பேர ஒண்டா இருத்தி "உன்ர ரூம்ல ஆர் ஆர் இருந்தது" எண்டு கேக்கிறதுதான். பேராதனையெண்டா அருணாசலம் ஹோல், ராமநாதன் ஹோல் எண்டு விடுதிகளின்ர பேரச் சொல்லி ஹோல் ஹோலாக் கேட்டா, வருசத்தக் கேட்டு ஞாபகம் வராத பேரெல்லாம் தானா வரும்.

கம்பஸின்ர பேர அவை படிச்ச காலத்தில இருந்த மாதிரியே எழுதுங்கோ. யாழ்ப்பாணம் 1974ல தொடங்கேக்க இலங்கைப் பல்கலைக்கழகத்தின்ர ஒரு வளாகம், 1979லதான் தனிப் பல்கலைக்கழகம். மட்டக்களப்பு 1981ல பல்கலைக்கழகக் கல்லூரி, 1986லதான் கிழக்குப் பல்கலைக்கழகம். 82ல போனவர "கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்" எண்டு எழுதினா அவரின்ர பட்ச்மேட் ஒராள் வாசிச்ச உடனே புத்தகத்த மூடி வச்சிடுவார்.

இனி வீட்ட போறது. ஆள் செத்து அந்தியேட்டி, அதாவது 31ம் நாள் கிரியை, முடியும் வரைக்கும் இந்தக் கதையோட போகாதீங்கோ, செத்த வீட்டுக்குப் போறது வேற, இது வேற. போகேக்க வெறுங்கையோட போகாதீங்கோ, அவரின்ர கம்பஸ் படம் ஒண்டத் தேடி, கழுவிக் கொண்டு போய்க் குடுங்கோ. நாங்கள் உவர்மலையில ஒரு வீட்ட அப்பிடிப் போனம், அந்த அம்மா மகன மீசை இல்லாமக் கண்டதே இல்லையாம், ஃபைனல் இயரில பந்தயத்துக்கு மழிச்சவர், அது வீட்டுக்குத் தெரியாது. படத்தக் கையில வச்சுக்கொண்டு கன நேரம் கதைக்கேல்ல, பிறகு கதைக்கத் தொடங்கி விளக்கு வைக்கிற நேரமாச்சு. வாங்கிறதுக்கு முதல் குடுங்கோ, அவ்வளவுதான்.

"அவர் எப்பிடிப்பட்டவர்" எண்டு கேக்கக் கூடாது. கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான், நல்லவர், ஒருத்தருக்கும் தீங்கு நினைக்காதவர். லீவில வரேக்க என்ன கொண்டு வருவார், திரும்பிப் போகேக்க நீங்கள் என்ன கட்டிக் குடுத்தனீங்கள், கடிதத்தில என்னெண்டு தொடங்குவார், முதல் சம்பளத்தில என்ன வாங்கினவர், இப்பிடிக் கேளுங்கோ. போனில ரெக்கோட் பண்ணுறதெண்டா முதலே கேட்டுட்டு, போன மேசையில தெரியிற மாதிரி வையுங்கோ. ஆராவது அழுதா நிப்பாட்டிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்கோ, அடுத்த கேள்வியோட நிக்காதீங்கோ. ஒரு வீட்டுக்கு ரெண்டு தரமாவது போகோணும், முதல் தரம் சொல்லாதத ரெண்டாந்தரம்தான் சொல்லுவினம்.

படங்கள் எங்களுக்குப் பெரிய கஷ்டம். சம்பூர், மூதூர்ப் பக்கம் 2006ல இடம்பெயர்ந்ததில போனது பாதி, கரையோர வீடுகளில 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போனது பாதி. அதால குடும்பத்திட்ட இல்லாத படம் வெளிநாட்டில இருக்கிற பட்ச்மேட்டின்ர அல்பத்தில இருக்கும், அங்கயும் கேளுங்கோ. ஸ்கான் பண்ணேக்க சின்னப் படமெண்டா 600 டிபிஐ வையுங்கோ, வட்ஸ்அப்பில படமா அனுப்பினா தரம் குறைஞ்சிடும், டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லுங்கோ. ஒறிஜினல அண்டைக்கே திருப்பிக் குடுங்கோ. பின்பக்கத்தில பேர் எழுதிறதெண்டா பென்சிலாலதான், அதுவும் வீட்டுக்காரர் ஓமெண்டாத்தான்.

திகதிகளச் சரி பாக்கிறதுக்கு 31ம் நாள் கல்வெட்டு, அதாவது அண்டைக்கு வீட்டில குடுக்கிற நினைவுப் புத்தகம், இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, பிறந்த ஊர், பள்ளிக்கூடம், வம்சாவளி எல்லாம் அதில இருக்கும். சில வீட்டில திதிதான் சொல்லுவினம், "ஆவணி வளர்பிறைச் சட்டி" எண்டு, அந்த வருசத்துப் பஞ்சாங்கத்தப் பாத்து இங்கிலீஷ் திகதி எடுக்கலாம். நூலகம் எண்ட இணைய நூலகத்தில பழைய நினைவு மலர்கள் கனக்க இருக்கு, அங்கயும் தேடுங்கோ.

ஒரு விசயம் கவனம். காணாமப் போன ஆக்களின்ர பேர இறந்தவையோட சேக்காதீங்கோ. அந்தத் தாய் இன்னும் கதவப் பூட்டாமப் படுக்கிறா. நாங்கள் அவைக்கு வேற பக்கம் வச்சிருக்கிறம், "காலமானார்" எண்ட சொல்லே அங்க இல்ல, ஆளப்பற்றின கதை மட்டும்தான். தன்ர உயிரத் தானே மாய்ச்சுக்கொண்டவையெண்டா எப்பிடி எழுதிறதெண்டு குடும்பம்தான் சொல்லோணும், வேணாமெண்டா சாவப் பற்றியே எழுத வேணாம், வாழ்ந்ததத்தானே எழுத வந்தனாங்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் நண்பர்களின்ர வீடுகளில படத்துக்கு மாலை, விளக்கு எண்டு நீங்களா முடிவெடுக்காதீங்கோ, படம் போடலாமோ எண்டதையே முதல் கேளுங்கோ.

எழுதிறது ஒராளுக்கு 300, 400 சொல்லு காணும். பதவிப் பட்டியல ரெண்டு வரியில முடிச்சிட்டு மிச்சம் முழுக்க ஆளுக்குக் குடுங்கோ. "ஈடு செய்ய முடியாத இழப்பு" மாதிரி வசனம் வந்தா வெட்டிடுங்கோ. அவர் கடன் வாங்கினதையோ, அரியஸ் வச்சு மூண்டாந்தரம் எழுதிப் பாஸ் பண்ணினதையோ வீட்டுக்காரர் சம்மதிச்சா விட்டு வையுங்கோ, வாசிக்கிற பட்ச்மேட்டுக்கு ஆள் முன்னால வந்து நிக்கிறது அதிலதான்.

அச்சடிக்கிறதுக்கு முதல் எழுதினத வீட்ட கொண்டு போய்க் காட்டோணும். வாசிக்கக் கண் தெரியாத ஆக்களெண்டா பக்கத்தில இருந்து நீங்களே வாசியுங்கோ, மெதுவா. இடையில "இல்லத் தம்பி, அவன் சைக்கிள் வாங்கினது அப்பா செத்தாப் பிறகு" எண்டு சொல்லுவினம். அதுக்குத்தான் பென்சில் கொண்டு போங்கோ.