இத்தாலியில் எந்த ரயிலில் ஏறுவது?

போலோஞ்ஞாவிலிருந்து மிலானோவுக்கு ஒரு மணி நேரத்தில் போகும் ரயிலும் உண்டு, மூன்று மணி நேரத்தை ஒட்டி எடுக்கும் ரயிலும் உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்த டிக்கெட் உங்களை ஒரே ஒரு ரயிலோடு கட்டிப்போடுகிறதா, இல்லையா? கெஸ்தூராவில், அதாவது போலீஸ் தலைமை அலுவலகத்தில், எத்தனை மணிக்கு விடுவார்கள், தூதரகத்தில் பாஸ்போர்ட் அலுவல் எப்போது முடியும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படியான நாளில் வேகத்தைவிட இதுதான் உங்கள் காசைக் காப்பாற்றும்.

முதலில் கம்பனிகளைப் பற்றி இரண்டு வரி. த்ரெனிதாலியா அரசுடையது. மெதுவான ரயில், வேக ரயில், இரவு ரயில் எல்லாம் ஓட்டுகிறது. இதாலோ தனியார் கம்பனி. 2012 முதல் வேக ரயில்கள் மட்டும் ஓட்டுகிறது. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. மிலானோவைச் சுற்றிய லொம்பார்தியா ஊர்களில் உள்ளூர் ரயில்கள் த்ரெனோர்த் என்ற பெயரில் ஓடும்.

ரெஜொனாலே: அன்றாட ரயில்

அறிவிப்புப் பலகையில் ஆர் என்றோ ஆர்வி என்றோ போட்டிருப்பவை ரெஜொனாலே, ரெஜொனாலே வெலோச்சே. முதலாவது எல்லாச் சின்ன நிலையத்திலும் நின்று போகும். இரண்டாவது சிலவற்றைத் தாண்டிப் போகும். ஒரே பாதையில் இரண்டுக்கும் ஒரே விலைதான், ஆகவே நேரம் பொருந்தினால் வெலோச்சேயில் ஏறுங்கள். விலை தூரத்தைப் பொறுத்தது. ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஐந்து நிமிடம் முன்பு வாங்கினாலும் மாறாது. இருக்கை எண் கிடையாது, கண்ட இடத்தில் உட்காரலாம். காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகும் சனத்தோடு நின்றுகொண்டும் போக நேரும்.

இந்த டிக்கெட் எந்த ரயிலோடும் கட்டப்படாதது. எட்டு மணி வண்டி போய்விட்டால் ஒன்பது மணி வண்டி. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, நம்மவர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இதில்தான். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி நேர முத்திரை அடிக்க வேண்டும். அடித்ததிலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். போனில் வாங்கியிருந்தால் முத்திரைக்குப் பதிலாக, ஏறுமுன் செயலியிலோ வந்த இணைப்பிலோ செக்-இன் அழுத்த வேண்டும். டிக்கெட்டில் குறித்த நாளுக்குள் இதைச் செய்யலாம். கையில் டிக்கெட் இருக்கிறதே என்று பேசாமல் உட்கார்ந்திருந்தால் டிக்கெட் இல்லாதவர் மாதிரியே நடத்துவார்கள். 'எனக்கு மொழி தெரியாது' என்பது காப்போத்ரேனோவிடம், அதாவது ரயிலின் பொறுப்பாளரிடம், எப்போதும் எடுபடாது. முத்திரை இயந்திரம் பழுதானால் நாளையும் நேரத்தையும் பேனாவால் டிக்கெட்டில் எழுதிக்கொண்டு, அவர் உங்களிடம் வருமுன் நீங்களே அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ரோமின் ஃபியுமிசீனோ விமான நிலையத்தில் இறங்கியவுடனேயே இந்தத் தெரிவு உங்கள் முன் வந்து நிற்கும். லெயொனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் நேராக தெர்மினி நிலையத்துக்குப் போகும், 14 யூரோ. அதே விமான நிலையத்திலிருந்து எஃப்எல்1 என்ற ரெஜொனாலே 8 யூரோவுக்குப் போகிறது. அது தெர்மினிக்குப் போகாது; த்ராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்தீனா வழியாகப் போகும். திபுர்தீனாவிலிருந்து வேறு ஊருக்கு ரயில் பிடிப்பவருக்கு 14 யூரோ வீண். பெரிய பெட்டிகளோடு தெர்மினிக்கு அருகே தங்குபவருக்கு 14 கொடுப்பதில் தப்பில்லை.

வேக ரயில்கள்

த்ரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரொஸ்ஸாவும் இதாலோவும் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடுபவை. தொரீனோ, மிலானோ, போலோஞ்ஞா, ஃபிரென்சே (புளோரன்ஸ்), ரோம், நாப்போலி, சலெர்னோ என்ற நீண்ட முதுகெலும்புப் பாதைதான் இவற்றின் வீடு. மிலானோவிலிருந்து ரோம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். ரோமிலிருந்து ஃபிரென்சே ஒன்றரை மணி, நாப்போலி ஒரு மணி பத்து நிமிடம். இந்த முதுகெலும்பில் தூரப் பயணம் என்றால் யோசிக்காமல் வேக ரயிலுக்குப் போங்கள். ரோமிலிருந்து ஃபிரென்சேக்கு வெலோச்சேயில் போனால் நான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். மிச்சமாகும் சில யூரோவுக்கு அரை நாள் சம்பளத்தை இழப்பது கணக்கு அல்ல.

இங்கே டிக்கெட் என்பது ஒரு ரயில், ஒரு பெட்டி, ஒரு இருக்கை. முத்திரை அடிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ரயிலைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பது நீங்கள் வாங்கிய விலை வகையில் இருக்கிறது. த்ரெனிதாலியாவில் பாசே, எக்கொனொமி, சூப்பர் எக்கொனொமி என்று மூன்று படி. பாசே விலை அதிகம். ஆனால் புறப்படுமுன் மாற்றலாம், ரயில் போனபின்பும் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை வேறு ரயிலுக்கு மாற்றலாம். சூப்பர் எக்கொனொமி மிக மலிவு, அதைத் தவறவிட்டால் காசு போனதுதான். நடுவில் இருப்பதன் விதிகளை வாங்கும்போது ஒருமுறை வாசித்துவிடுங்கள். மலிவு இருக்கைகள் எண்ணிக்கையில் குறைவு, முதலில் அவைதான் தீரும். மிலானோ–ரோம் போன்ற பாதையில் முன்கூட்டி வாங்கியவருக்கும் அன்றைக்கு வாங்கியவருக்கும் விலை இரண்டு மூன்று மடங்கு வேறுபடும். பல வேளைகளில் முன்கூட்டி எடுத்த வேக டிக்கெட் ரெஜொனாலேயோடு போட்டி போடும் விலைக்கே வந்துவிடும். இதாலோ விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கம்பனி மோதுவதில் லாபம் நமக்கு.

இனி அந்தத் தூதரக அலுவலுக்கு வருவோம். இந்தியத் தூதரகமும் இலங்கைத் தூதரகமும் ரோமில் இருக்கின்றன; இரு நாடுகளின் துணைத் தூதரகங்கள் மிலானோவில். போகும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது, ஆகவே போவதற்கு மலிவான கட்டுப்பட்ட டிக்கெட். திரும்பும் நேரம் உங்கள் கையில் இல்லை, ஆகவே பாசே, அல்லது கிட்டிய ஊர் என்றால் ரெஜொனாலே. போக வர இரண்டையும் சூப்பர் எக்கொனொமியில் எடுத்துவிட்டு, கடவுச்சீட்டு வரிசையில் நின்றபடி மணியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நிறையக் காணலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் த்ரெனிதாலியாவின் 'பிம்பி கிராத்திஸ்' சலுகையைத் தேடிப் பாருங்கள். இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில், பெரியவர்கள் பாசே விலை கட்டினால் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் என்றால் பெரும்பாலும் இதுதான் லாபம். இரண்டு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் என்றால் மற்ற விலைகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

இன்டர்சிட்டி ரெஜொனாலேக்கும் வேக ரயிலுக்கும் இடையில் நிற்பது. இருக்கை எண் உண்டு, வேகம் நடுத்தரம், விலையும் நடுத்தரம். வேகப் பாதை தொடாத கடலோர ஊர்களுக்கும் தெற்குக்கும் அதுதான் கை கொடுக்கும்.

நிலையப் பெயரில் கவனம்

ரெஜ்ஜோ எமிலியா வடக்கே, ரெஜ்ஜோ கலாப்ரியா நாட்டின் தென் நுனியில். செயலியில் 'ரெஜ்ஜோ' என்று மட்டும் தட்டிவிட்டு முதலில் வருவதை அழுத்தாதீர்கள். வேக ரயில்கள் பெரும்பாலும் ரெஜ்ஜோ எமிலியாவின் நகர நிலையத்தில் நிற்பதில்லை, ஊருக்கு வெளியே மெதியோபதானா என்ற தனி நிலையத்தில் நிற்கும். நாப்போலியில் அஃப்ரகோலா நிலையமும் அப்படித்தான் நகரத்துக்கு வெளியே. வெனிஸில், வெனேசியா மெஸ்த்ரே என்றால் இன்னும் தரைப்பகுதியில் இருக்கிறீர்கள். தண்ணீர் நகரத்துக்குள் போக சாந்தா லுச்சியா. போலோஞ்ஞாவில் வேக ரயில்களின் 16 முதல் 19 வரையான பிளாட்பாரங்கள் நிலத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே ரயில் மாறுகிறவர்கள் கால் மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.

ரயில் மாறிப் போவதென்றால் இரண்டு துண்டையும் ஒரே கம்பனியில் ஒரே முறையாக வாங்குங்கள். முதல் ரயில் பிந்தி அடுத்தது தவறினால் அப்போதுதான் அது அவர்கள் பொறுப்பு. இதாலோவில் வந்து இறங்கி த்ரெனிதாலியா ரெஜொனாலேயைத் தவறவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. சேர வேண்டிய ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதமும் ஐரோப்பிய விதிப்படி உங்களுக்கு உரியவை.

ஷோப்பெரோ, அதாவது வேலைநிறுத்தம், இங்கே அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் ரெஜொனாலே ரயில்களை உறுதியாக ஓட்ட வேண்டும் என்ற விதி உண்டு. தூர ரயில்களில் எவை நிச்சயம் ஓடும் என்ற பட்டியலும் வெளியாகும்.

சிசிலியாவில் இருப்பவர்களுக்கு

பலெர்மோவில் நம் சனம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன வேக ரயில் எதுவும் தீவுக்குள் வராது. ரோமுக்குப் போக நேரடி ரயில் என்றால் பகலில் இன்டர்சிட்டி, இரவில் இன்டர்சிட்டி நொத்தே. பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம். மெஸ்ஸீனாவில் ரயிலையே சில துண்டுகளாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி வில்லா சான் ஜொவான்னியில் இறக்குகிறார்கள். பகலில் போனால் மேல்தளத்துக்கு ஏறி அரஞ்சீனி என்ற பொரித்த சோற்று உருண்டை ஒன்று வாங்கிச் சாப்பிடலாம், அந்தப் பயணத்தில் மிகச் சிறந்த அரை மணி நேரம் அது.

தனி ஆளாக, கைப்பையோடு ஒரு நாள் அலுவலுக்குப் போகிறவர் விமானத்தில் போவதே மேல். குடும்பமாக, பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு போகிறவருக்கு இரவு ரயில். அங்கே யாரும் பெட்டியை நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு இரவு விடுதிச் செலவும் மிச்சம். நொத்தேயில் வெறும் இருக்கை, நான்கு பேர் படுக்கும் குச்சேத்தா, ஒன்றிரண்டு பேருக்கான படுக்கை அறை என்று வகைகள் இருக்கின்றன. விலை வித்தியாசம் இருந்தாலும் வெறும் இருக்கையை எடுக்காதீர்கள், காலையில் தூதரகத்தில் நிற்கத் தெம்பு இருக்காது. தனியாகப் போகும் பெண்கள், பெண்களுக்கு மட்டுமான குச்சேத்தா அறையைத் தெரிவு செய்யலாம். அதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.