இந்தியாவுக்குப் படிக்கப் போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு: ஊர் பார்க்கப் போவது எப்படி?

கிளிநொச்சியில் இருந்து சென்னைக்குப் படிக்கப் போன முதல் ஆறு மாதமும் நான் பார்த்தது மூன்றே இடம்: விடுதி, வகுப்பறை, விடுதி வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடை. நெல் வித்து அம்மா அனுப்பின காசில் ஊர் சுற்றுவது பாவம் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம்தான் துணிந்து வெளிக்கிட்டேன். வகுப்பில் படித்ததற்குக் குறையாத படிப்பு அந்தப் பயணங்களில் கிடைத்தது.

இப்போது உயர்தரம் முடித்துப் புலமைப்பரிசிலில் போகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அக்கா, அங்க என்னத்தைப் பார்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். முதன்முதலாகக் கடல் தாண்டுகிற பிள்ளையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: முதலில் பதிவு

மாணவர் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், போய் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே எல்லாரும் அதை எப்.ஆர்.ஆர்.ஓ என்றுதான் சொல்வார்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இது முடியும் மட்டும் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

பதிவு கிடைத்ததும் கடவுச்சீட்டு, விசா, பதிவுப் பத்திரம் மூன்றிலும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பயணப் பையில், மற்றது விடுதி அறையில். கைபேசியிலும் படம் இருக்கட்டும்.

சிக்கிம், அருணாசலப் பிரதேசம் போன்ற இடங்களுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி எடுக்க வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலா ஒழுங்கு செய்யும்போது நீங்கள் வெளிநாட்டவர் என்பதே அவர்களுக்கு நினைவுக்கு வராது. தமிழில்தானே கதைக்கிறோம்! முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

படி 2: ஊரில் இருந்து ஒரு கேள்வியைக் கொண்டுபோங்கள்

மற்றப் படிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "கட்டாயம் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" என்று யாரோ போட்ட பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடினால் கால் வலிதான் மிஞ்சும். உங்கள் ஊரிலேயே ஒரு கேள்வி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

என்னுடைய கேள்வி முல்லைத்தீவில் இருக்கிற வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் தொடங்கியது. வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடல் ஓரம் சனம் கூடுவதையும், கடல் தண்ணீரில் விளக்கு எரிவதையும் பார்த்து வளர்ந்தவள் நான். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, பத்தாவதாகத் தங்கின இடம் வற்றாப்பளை என்று அம்மம்மா சொல்லுவா. அப்படியென்றால் அவள் வெளிக்கிட்ட இடம் எப்படி இருக்கும்?

முதலில் மெரீனாவுக்குப் போனேன். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த சிலைகளில் கண்ணகியும் ஒருத்தி. 2001இல் அகற்றி, 2006இல் திரும்ப வைத்தார்கள். பஸ் காசைத் தவிர ஒரு செலவும் இல்லை. பிறகு பூம்புகார். காவிரி கடலில் விழுகிற அந்தக் கரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மீன் வலை காய்ந்த மணலைப் பார்க்க முல்லைத்தீவுக் கரைதான் ஞாபகம் வந்தது. அன்று பின்னேரம் முழுக்க அங்கேயே இருந்தேன்.

கடைசியாக மதுரை. வைகைக் கரையில் இட்லி விற்ற அம்மாவிடம், நாங்கள் கண்ணகியைக் கும்பிடுகிற ஆட்கள் என்று சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எங்க ஊரை எரிச்சவங்களையா நீங்க சாமியா கும்புடுறீங்க?" என்றார். உப்புத்தண்ணீர் விளக்கைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு கேள்வியோடு போனதால்தான் அந்தக் கதை அங்கே நடந்தது.

அங்கேதான் மங்கலதேவி கோயிலைப் பற்றியும் அறிந்தேன். தமிழ்நாடு, கேரள எல்லையில் பெரியாறுக் காட்டுக்குள் இருக்கிற கண்ணகி கோயில் அது. வருடத்தில் சித்திரா பௌர்ணமி அன்று மட்டும்தான் ஆட்களை விடுவார்கள். போக விருப்பம் என்றால் பரீட்சை அட்டவணையை இப்போதே பாருங்கள்.

உங்களுடைய கேள்வி வேறாக இருக்கலாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லணையைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆவணியில் மடு மாதாவிடம் போய்ப் பழகின பிள்ளைக்கு வேளாங்கண்ணி இருக்கிறது. அங்கே திருவிழா ஓகஸ்ட் 29இல் கொடியேறி செப்டெம்பர் 8இல் முடியும். பழைய மட்பாண்டத்தில் விருப்பம் உள்ள பிள்ளை மதுரைக்குப் பக்கத்தில் கீழடிக்குப் போகலாம். அங்கே 2023இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

படி 3: ரிக்கற் வாங்கும் இடத்தில் கடவுச்சீட்டைக் காட்டுங்கள்

இது தெரியாமல் நான் நட்டப்பட்டேன். மாமல்லபுரத்தில் "வெளிநாட்டவர்" வரிசையில் நின்று 600 ரூபா கொடுத்தேன். இந்தியருக்கு அப்போது 40 ரூபா. பின்னுக்கு நின்ற ஒரு நேபாளப் பையன்தான் சொன்னான், நானும் 40 ரூபாதான் கட்டியிருக்க வேண்டும் என்று.

மத்திய தொல்லியல் துறை பராமரிக்கிற நினைவுச்சின்னங்களில் சார்க் நாட்டவருக்கு இந்தியர் கட்டணம்தான். சார்க் என்பது தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு, இலங்கையும் அதில் இருக்கிறது. வாயால் சொன்னால் போதாது, கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். தாஜ்மகாலில் மட்டும் கணக்கு வேறு: இந்தியருக்கு 50, சார்க் நாட்டவருக்கு 540, மற்ற வெளிநாட்டவருக்கு 1100 ரூபா. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் பூட்டு. மாநில அரசின் அருங்காட்சியகங்களுக்கு இந்த ஒழுங்கு பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்திய ஒரு ரூபா எங்கள் காசில் மூன்று ரூபாவுக்கும் மேலே. 560 ரூபா மிச்சம் என்பது சின்னக் காசில்லை.

படி 4: பயணச்சீட்டு

தஞ்சாவூருக்கு உழவன், மதுரைக்குப் பாண்டியன் என்று இரவு ரயில்கள் இருக்கின்றன. ஸ்லீப்பர் வகுப்பில் படுத்தால் விடியப் போய் இறங்கலாம், ஒரு இரவுத் தங்குமிடக் காசும் மிச்சம். முற்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கடைசி நேரத் தட்கல் ரிக்கற்றை நம்ப வேண்டாம். 2025 ஜூலையில் இருந்து இணையத்தில் அதை எடுக்க ஆதார் என்ற இந்திய அடையாள எண் வேண்டும். ரயிலில் அடையாளத்துக்குப் படம் போட்ட கல்லூரி அட்டை போதும்.

பஸ் என்றால், தெற்கே போகிற வெளியூர் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் இருந்துதான் வெளிக்கிடுகின்றன. பழைய ஆட்கள் கோயம்பேடு என்பார்கள். நகரத்துக்குள் இருந்து கிளாம்பாக்கம் போகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும்.

படி 5: தங்குமிடத்துக்கு முதலே போன் எடுங்கள்

வெளிநாட்டவர் தங்கினால், விடுதிக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் "சி படிவம்" என்ற ஒன்றை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. எனக்கு இது தஞ்சாவூரில் இரவு ஒன்பது மணிக்குத்தான் விளங்கியது. காசு கட்டிப் பதிந்த இடம். கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றார்கள். பஸ் நிலையத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். நாலாவதாகக் கேட்ட இடத்தில்தான் அறை கிடைத்தது.

ஆகவே பதிவதற்கு முன் போன் எடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "நான் இலங்கை கடவுச்சீட்டு, அறை தருவீர்களா? சி படிவம் போடுவீர்களா?" ஆம் என்று சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பெண் பிள்ளைகள் வெளிச்சத்தோடு போய்ச் சேருகிற மாதிரிப் பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

கதை பேச்சைப் பற்றியும் ஒரு சொல். "கேரளாவா?" என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் பேச்சை மாற்ற வேண்டாம், கொஞ்சம் ஆறுதலாகக் கதைத்தால் போதும். விலை கேட்கும் இடத்தில் மட்டும் "எவ்வளவு?" என்பதோடு நிறுத்துங்கள்.

படி 6: ஒரு இடத்தில் நெடுநேரம் நில்லுங்கள்

ஒரு நாளைக்கு ஐந்து கோயில் பார்க்க வேண்டாம். கோயில்கள் மதியம் பூட்டி, பின்னேரம்தான் திறக்கும். அதனால் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. எல்லாரும் கருவறைக்கு மேலே 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானக் கோபுரத்தை அண்ணாந்து படம் எடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கீழே பாருங்கள். அடிப்பகுதி முழுக்க எழுத்து. வெயில் ஏறமுன் போங்கள், செருப்பில்லாத கால் கல்லில் வெந்துவிடும்.

எனக்கு முதலில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. காலையில் அங்கே நடக்க வருகிற ஒரு பெரியவர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னேன். பேசாமல் என்னை ஒரு சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லில் படாமல் விரலை எழுத்தின் மேலாக நகர்த்திக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்தார். "ஈ... ழ... மண்டலமும்." ராஜராஜன் வென்ற நாடுகளின் வரிசையில் எங்கள் நாடும் நிற்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் வெட்டின அந்தச் சொல்லில் 'ம'வை நானே அடையாளம் கண்டேன். வென்றவன் எழுதின வரி அது. தோற்ற நாட்டில் இருந்து வந்தவள் நான். இரண்டு பேருக்கும் மொழி ஒன்று. அன்று வேறு எங்கும் போகவில்லை.

படி 7: மார்கழியை விடாதீர்கள்

டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரித் தொடக்கம் மட்டும் சென்னையில் இசை விழா. பெரிய பாடகர்களின் மாலைக் கச்சேரிக்கு ரிக்கற் விலை கூட. ஆனால் கச்சேரி நடத்துகிற சபாக்கள் பலவற்றில் பகல் கச்சேரிகள் இலவசம். நாளைக்குப் பெயர் எடுக்கப் போகிற இளம் ஆட்கள் பாடுவார்கள். பாட்டுக்கு நடுவில் எழும்பிப் போகக்கூடாது, ஒரு உருப்படி முடிந்ததும் போகலாம். சபாவுக்குள் இருக்கிற சாப்பாட்டுக் கடையையும் தவறவிடாதீர்கள்.

படி 8: முதல் பயணம் இப்படி இருக்கட்டும்

தூர இடங்களை விடுமுறைக்கு வையுங்கள். முதல் சனிக்கிழமை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போங்கள். 1851இல் தொடங்கினது. வெள்ளிக்கிழமை பூட்டு. நேரே வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். நடராசர்களுக்கு முன்னால் எல்லாரும் நிற்பார்கள். நீங்கள் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்தர் சிலைகளைத் தேடுங்கள். 2023இல் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடத் தொடங்கினார்களே, அதே நாகப்பட்டினம். சோழர் காலத்தில் அங்கே புத்த விகாரை இருந்தது.

ஒரு சிலையை மட்டும் தெரிவு செய்து, கால் மணித்தியாலம் அதன் முன் நின்று, கண்டதை ஒரு கொப்பியில் அரைப் பக்கம் எழுதுங்கள். பிறகு வெளியே மர நிழலில் இருந்து வீட்டுக்குப் போன் எடுத்து, அந்த அரைப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.