கேட்டலிஸ்ட் வெப்ப சென்சார்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட்டலிஸ்ட் என்பது எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பீங்கான் பகுதி. அங்கே உள்ள சூட்டை அளப்பதுதான் இந்த சென்சார். சிங்கப்பூரின் காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்புகளில் புதிதாகச் சேரும் தம்பிகளைக் கவனிக்கிறேன். ஸ்கேனரில் ‘சென்சார்’ என்று வந்ததுமே கை ஸ்பேனரைத் தேடுகிறது. பிளக் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் தானாகப் பழகிவிடும், அதை விடுவோம்.

உண்மை சொல்லும் சென்சாரைக் கழற்றுவது

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடுகளில் பி0428, பி2428 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது, சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்கிறது. இரண்டாவது, புகையின் வெப்பமே அளவு மீறிவிட்டது என்கிறது. முதலாவது வந்தால் வயரைப் பாருங்கள், இரண்டாவது வந்தால் எஞ்சினைப் பாருங்கள்.

ஓர் அண்ணன் காரைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் பி2428-ஐப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து அனுப்பியிருக்கிறார்கள். “புது சென்சார்தான் தம்பி, ஆனா லைட் மறுபடியும் எரியுது” என்றார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் விட்டு விட்டுத்தான் வேலை செய்தது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்ட்டுக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. கேட்டலிஸ்ட்டை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். உள்ளே உடைந்த பீங்கான் சலசலத்தது. ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கேட்டலிஸ்ட் செலவில் வந்து நின்றது.

குறியீட்டை அழித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விட்டது. பழுது பதிவான நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் லோடு எவ்வளவு என்று சொல்லும் ஒரே சாட்சி அது. முதலில் அதைப் படம் பிடித்து வையுங்கள். கேட்டலிஸ்ட் வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும். இப்படிச் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகும் மிஸ்ஃபயர் நீடித்தால் 1,000 டிகிரியைத் தாண்டி பீங்கானே உருகலாம். அதனால், செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னும் வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக் கொண்டுபோகவே கூடாது.

சூட்டோடு சூடாகச் சோதிப்பது

இரவு முழுக்க புளோக் கார்ப்பார்க்கில் நின்ற கார்தான் நல்ல சோதனைக்கூடம். ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு கூலண்ட், இன்டேக் காற்று, கேட்டலிஸ்ட் மூன்றின் அளவையும் படியுங்கள். நம் ஊரில் மூன்றுமே 30 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கேட்டலிஸ்ட் மட்டும் 90 காட்டினால், அப்போது சென்சாரையும் வயரையும் சந்தேகப்படுங்கள்.

சென்சாரின் வகை தெரியாமல் மீட்டர் வைப்பது

என்டிசி வகையில் சூடு ஏற ஏற ஓம், அதாவது மின்தடை, குறையும். டீசல் வேன்களில் பரவலாக இருக்கும் பிடி200 வகையில் ஓம் கூடும். 30 டிகிரியில் ஏறக்குறைய 220 ஓம் காட்டும். வயர் அறுந்தால் என்டிசி கடும் குளிர் காட்டும், பிடி200 உச்ச வெப்பம் காட்டும்.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் வயரைச் சால்டர் வைத்து ஒட்டுவது

வேண்டாம். உருகும்.

வயரை அசைத்துப் பார்க்காமல் விடுவது

ஸ்கேனரில் வெப்ப அளவை வரைகோடாக ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் ஆறியிருக்கும்போதே சென்சார் வயரை பிளக்கிலிருந்து மெல்ல அசைத்துக்கொண்டே போங்கள். கோடு எங்கே குதிக்கிறதோ, அந்த இடத்தில் உறையைப் பிரித்துப் பாருங்கள். புது சென்சாருக்கு ஆர்டர் அதற்குப் பிறகு போடலாம்.